தன்பாலீர்ப்பு பற்றி மாணவர்களிடம் பேசப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பதின்பருவப் பிள்ளைகளிடம் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. இப்போதெல்லாம் நான் பேசுவது குறைவு. புதிதாக வருகிறவர்கள் வகுப்பெடுப்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அதிகம். ஆரம்பத்தில் நாங்கள் என்னென்ன சொதப்பினோமோ, அதையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கேலி கூடாது, வசைச்சொல் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்து காரியத்தைக் கெடுக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு அணியாகப் பிரித்து விவாதம் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

அண்மையில் பார்த்த ஒரு வகுப்பு. பயிற்றுநர் இளைஞர், துடிப்பானவர். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். மேலே ‘தன்பாலீர்ப்பு இயற்கையா?’ என்று எழுதினார். இடப்பக்கம் ‘ஆம்’, வலப்பக்கம் ‘இல்லை’. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லி அணி பிரித்தார். பத்து நிமிடம் தயாரிப்பு, ஆளுக்கு ஒரு நிமிடம் பேச்சு. வகுப்பே கலகலவென்று ஆகிவிட்டது. பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொள்கிறார்கள் என்று அவருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி.

எண்ணிக்கைப்படி ‘இல்லை’ அணியில் போய் விழுந்தாள் ஒரு மாணவி. அவள் முறை வந்தபோது எழுந்து, அணித்தலைவன் எழுதிக் கொடுத்த இரண்டு வரிகளை நோட்டிலிருந்து தலை நிமிராமல் வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் ஏன் அப்படி வாசித்தாள் என்று எனக்குத் தெரியாது. கூச்ச சுபாவமாக இருக்கலாம். தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை, முயலவும் கூடாது. ஆனால் எந்த வகுப்பிலும், இந்தத் தலைப்பு தன்னைப் பற்றியது என்று உள்ளுக்குள் அறிந்த ஒரு பிள்ளையாவது உட்கார்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நாம் உள்ளே நுழைய வேண்டும். அந்தப் பிள்ளை ‘ஆம்’ அணியில் இருந்தால் தன்னைத்தானே வாதாடிக் காப்பாற்ற வேண்டும். ‘இல்லை’ அணியில் இருந்தால் தனக்கு எதிராகத் தானே பேச வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும், நண்பர்கள் கைதட்டி வாங்குகிற மதிப்பெண் அவர்களுக்கு விளையாட்டு. அந்தப் பிள்ளைக்கு மட்டும் விளையாட்டு இல்லை.

கேடு அதோடு முடியவில்லை. ‘இல்லை’ அணியில் கெட்டிக்காரப் பையன் ஒருவன், சிகிச்சையால் மாற முடியும் என்று நிரூபித்த ஆய்வு இருக்கிறது என்று ஒன்றை எடுத்துவிட்டான். 2003-இல் ராபர்ட் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வெளியிட்டது. ஆய்வு இருப்பது உண்மைதான். ஆனால் அதன் அடிப்படை, 200 பேரிடம் தொலைபேசியில் கேட்டு வாங்கிய வாய்ச்சொல். அவர்கள் சொன்னது எவ்வளவு தூரம் உண்மை என்று சரிபார்க்க வழியே இல்லை. 2012-இல் ஸ்பிட்சரே அதை ஒப்புக்கொண்டு, தன்பாலீர்ப்பாளர்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். பயிற்றுநருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு நிமிடத்தில் எப்படிச் சொல்வது? மணி அடித்தது. கைதட்டலில் ‘இல்லை’ அணி ஜெயித்தது. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த முடிவைத்தான்.

‘பிள்ளைகள் சுயமாக யோசிக்க வேண்டாமா?’ என்று பயிற்றுநர் என்னிடம் கேட்டார். தாராளமாக யோசிக்கட்டும். ஆனால் விவாதம் என்று வைத்தாலே, இரண்டு பக்கமும் சம எடை இருக்கிறது என்று நாமே சொன்னதாகிவிடும். இதில் அப்படி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலேயே தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதை எடுக்க முன்நின்றவர்களில் இதே ஸ்பிட்சரும் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நீக்கியது. மருத்துவம் எப்போதோ மூடிய கோப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தீர்ப்பெழுதச் சொல்வது சிந்தனைப் பயிற்சி ஆகாது.

விவாதம் வேண்டும்தான் என்றால் வேறு தலைப்பு எடுங்கள். ஒரு பிரபலம் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தால் பத்திரிகை அதை வெளியிடலாமா? குழுவில் ஒருவனைக் கேலி செய்து வந்த செய்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்குப் பொறுப்பு உண்டா? காரசாரமாகப் பேசலாம். யாருடைய இருப்பும் அங்கே வாக்கெடுப்புக்கு வராது.

இன்னொரு வழியும் இருக்கிறது. எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளரின் சோதனையை ஒரு புதிராகக் கொடுத்துப் பாருங்கள். அவர் 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் உளவியல் தேர்வுகளுக்கு உட்படுத்தினார். யாருடையது எது என்று சொல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் நீட்டி, பிரித்துக் காட்டுங்கள் என்றார். என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகளை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். அப்புறம் விடையைச் சொல்லுங்கள்: நிபுணர்களால் பிரிக்க முடியவில்லை. 1957-இல் வெளியான அந்த ஆய்வு அந்தக் காலத்து மருத்துவத்தையே உலுக்கியது. நானே பார்த்திருக்கிறேன், விவாதத்தில் உரக்கக் கத்துகிற பையன்கள்கூட இந்த இடத்தில், எந்த நிபுணர், எந்தத் தேர்வு என்று துருவ ஆரம்பிப்பார்கள். கத்துவதற்கு அங்கே எதிரணி இல்லை.

விருந்தினரைக் காட்சிப்பொருள் ஆக்குவது

தன்பாலீர்ப்பாளர் ஒருவரை அழைத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ‘எது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று பிள்ளைகளை ஏவிவிடுவது. முதல் மூன்று கேள்விகளுக்குள் படுக்கையறைக்குப் போய்விடுவார்கள். நேரில் பழகினால் வெறுப்பு குறையும் என்பது நிஜம்தான். ஆனால் கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே அதற்குச் சில நிபந்தனைகள் சொன்னார்: இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும், ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேள்வி கேட்பவருக்கும் ஏது சமம்? அவர் புகைப்படக்காரர் என்றால் புகைப்படம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கட்டும். தன் துணையைப் பற்றி இடையில் சொல்லத் தோன்றினால் சொல்வார்.

கண்ணீர்க் கதை மட்டுமே சொல்வது

கணினி அறிவியலின் முன்னோடி அலன் டூரிங்கைச் சொல்லாத பயிற்றுநர் அபூர்வம். தன்பாலீர்ப்புக்காக 1952-இல் தண்டனை, சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி, 1954-இல் மரணம். சொல்ல வேண்டிய கதைதான். அதையே முதலும் முடிவுமாக வைத்தால் பிள்ளைகள் இரக்கப்படுவார்கள், மதிக்க மாட்டார்கள். இரண்டும் ஒன்றில்லை. கூடவே, 1983-இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடையும் சொல்லுங்கள். அவரும் டாம் ஓஷாக்னெசி என்ற பெண்ணும் 27 ஆண்டுகள் இணையராக வாழ்ந்தார்கள். சேர்ந்து சிறுவர்களுக்கு அறிவியல் புத்தகங்கள் எழுதினார்கள். 2012-இல் ரைட் இறந்தபோதுதான் உலகத்துக்கே அது தெரிந்தது. ஏன் அவ்வளவு நாள் வெளியே சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, அங்கிருந்து பேச்சை நகர்த்தலாம்.

மறுத்துப் பேசுகிற பிள்ளையை அவமானப்படுத்துவது

‘எங்கள் வீட்டில் இதைப் பாவம் என்பார்கள்’ என்று ஒருவன் சொல்வான். அவனைப் பிற்போக்குவாதி ஆக்கிச் சிரிக்க வைத்துவிட்டால் உங்களுக்குக் கைதட்டல் கிடைக்கும், அவன் வாயை மூடிக்கொள்வான். அந்தக் கோபத்தை இடைவேளையில், தன்னைவிட எளியவன் யாரோ, அவன் மேல் காட்டுவான். அவன் நம்பிக்கையை மாற்றுவது என் வேலை இல்லை. பக்கத்தில் இருப்பவனை அடிக்கக் கூடாது, பட்டப்பெயர் வைக்கக் கூடாது, அவன் ரகசியத்தைப் பரப்பக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. இதை அவனிடம் நேராகவே சொல்லலாம்.

கேள்விப்பெட்டியில் கோட்டை விடுவது

கேள்விகளைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லும்போது, பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னால் மட்டும் ரகசியம் ஆகிவிடாது. நோட்டில் கிழித்த தாள், பச்சை மசி, பழகிய கையெழுத்து என்று எதைக் கண்டாலும் பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தாள், ஒரே மாதிரி பென்சில் கொடுங்கள். கேள்வி இல்லாதவர் ‘கேள்வி இல்லை’ என்றாவது எழுதிப் போடட்டும். அப்போதுதான் எழுதுகிற கை தனியாகத் தெரியாது. தாளை யார் கண்ணிலும் காட்டாமல் நீங்களே வாசியுங்கள்.

‘உங்களில் யாராவது…’ என்று கேட்பது

கேட்கவே கேட்காதீர்கள்.

‘பேசினால் பிள்ளைகள் அப்படி ஆகிவிடுவார்கள்’ என்று பயப்படுவது

ஆக மாட்டார்கள்.

உங்களிடம் சொன்னதை வீட்டில் சொல்லிவிடுவது

வகுப்பு முடிந்து, எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை வந்து சொல்லக்கூடும். ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்லாதீர்கள்; மறைத்தது மற்றவர்களுக்கும் தெரிந்திருக்குமோ என்று நடுங்கிவிடும். நம்பிச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். இது வேறு யாருக்குத் தெரியும், வீட்டில் பாதுகாப்பா, நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். நல்லது என்று நினைத்துப் பெற்றோருக்கு நீங்கள் தகவல் சொல்லி, அந்தப் பிள்ளை அடி வாங்கினாலோ, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாலோ, அதைத் திருப்பிச் சரிசெய்ய உங்களால் முடியாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் விதிவிலக்கு. அப்படி வந்தால் உதவிக்கு ஆள் தேடுவேன் என்பதை வகுப்பின் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். நடுவில் வந்து சொன்னால் ஏமாற்றியது போல இருக்கும்.