வாகனம் கறள் பிடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் இதையெல்லாம் செய்யாதீர்கள்

மாரி தொடங்கினால் வன்னியில் பலர் முதலில் தேடுவது தறப்பாளைத்தான். நனைந்த வாகனத்தை அப்படியே மூடி இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வெளியே நின்றிருந்தாலாவது மழை விட்டதும் காற்றில் காய்ந்திருக்கும். தறப்பாளுக்குள் ஈரம் போக வழியில்லாமல் நாட்கணக்கில் தகட்டிலேயே நிற்கும், இரும்பு கறள் பிடிக்கத் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் போதும். மேலே கூரையைப் போட்டு நாலு பக்கமும் திறந்து விடுங்கள். புல்லுத்தரையில் நிறுத்தவும் வேண்டாம்.

முல்லைத்தீவு, கொக்கிளாய் போன்ற கடற்கரைப் பக்கம் மழையை விட உப்புத்தான் எமன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகக் கடக்கும் என்பதால் கறள் வேகமாக ஏறும், உப்பு படிந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மீன்பெட்டி கட்டி ஓடும் மோட்டார் சைக்கிள்களின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். அதைக் கழுவுகிறேன் என்று உவர்க் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் என்ன பலன்? கடைசி வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். வயலுக்கு எம்ஓபி என்ற பொட்டாஷ் உரம் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியும் இதே கதைதான், அதுவும் ஒரு குளோரைட்டு உப்பு, கொட்டியதைக் கூட்டி அள்ளியதோடு விடாமல் கழுவிக் காய விடுங்கள்.

கதவுகளின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்கு. நம்முடைய கிறவல் மண் அதை அடைத்துவிடும். ஓர் ஈர்க்கால் குத்திவிட ஐந்து நிமிடம் போதும், ஆனால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அடியில் கழிவு ஒயில் பூசுகிற பழக்கத்தையும் விடுங்கள். அதில் அமிலம் சேர்ந்திருக்கும், புழுதி ஒட்டும், ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆளுக்கே ஆபத்து.

எல்லாவற்றிலும் மோசம் கறளை மூடுவது. மேலே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து பெயின்ற் அடித்தால் கண்ணுக்கு வடிவாகத்தான் இருக்கும், ஆனால் பின்பக்கத்தால் ஈரம் ஏறும், பட்டி அதை உறிஞ்சி வைத்திருக்கும், கொஞ்சக் காலத்தில் அந்த இடம் கொப்பளித்துத் தகடு கையோடு வரும். வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள், பள்ளத்தில் எஞ்சும் கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த மருந்தைப் பூசிக் காய விட்டு, பிறகு பிரைமர், பிறகு பெயின்ற். பிரைமரோடு நிறுத்திவிட்டு ‘காசு வரட்டும், பிறகு பார்ப்போம்’ என்று ஓடித் திரிவதும் பிழை, அது தண்ணீரை உள்ளே விடும். ஒட்டு வேலை (வெல்டிங்) செய்தால் அந்தச் சூட்டில் மறுபக்கப் பூச்சும் எரிந்திருக்கும், அங்கேயும் பூசச் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் பெரும்பாலும் செய்யமாட்டார்கள்.

2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் தொடங்கியும் விலை இறங்கியபாடில்லை, அதனால் பழைய வாகனம்தான் பலருக்கும் கதி. வாங்கப் போகும்போது சின்னக் காந்தமொன்று கொண்டு போய் மட்காட், கதவடி எல்லாம் வைத்துப் பாருங்கள், தடிப்பாகப் பட்டி வைத்த இடத்தில் அது பிடிக்காது. அடிப்பாகத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு மினுங்கினால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.