துக்க வீட்டில் பழைய ஏற்பாட்டை வாசிப்பது எப்படி

சென்னையில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் இறப்பு நேர்ந்தால், ஐஸ் பெட்டி வந்து சேர்வதற்கு முன்பே வசனம் வந்துவிடுகிறது. 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்ற வரி கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ஏறிவிடும். பழைய ஏற்பாட்டின் யோபு புத்தகத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபு முதல் அதிகாரத்தில் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். பிறகு அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். 42ஆம் அதிகாரத்தில் கடவுளோ, யோபு பேசியதே சரி, அவருக்குப் புத்தி சொன்ன நண்பர்கள் பேசியது சரியல்ல என்று தீர்ப்பளிக்கிறார். முறையிடாமல் இருப்பதை அல்ல, முறையீட்டை வேறெங்கும் கொண்டுபோகாமல் கடவுளிடமே கொண்டுபோவதைத்தான் எபிரெய வேதமான பழைய ஏற்பாடு நம்பிக்கையாகக் காட்டுகிறது. ஆறுதல் ஜெபம் நடத்தப் போகும் சபை மூப்பர்களும் பெண்கள் ஐக்கியச் சங்கத்தாரும் எந்தப் பகுதியை எப்போது வாசிப்பது என்பதை இதை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதல் நாளில் விளக்கம் எதுவும் வேண்டாம். யோபின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். 'தேவ சித்தம்', 'நல்லவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்' போன்ற பேச்சுகளை விட்டுவிட்டு, வேதத்தின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில் ஆறே வசனங்கள் கொண்ட 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அதன் முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. நான்காம் வசனம் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள். ஏனெனில் ஐந்தாம் வசனத்தில் பாடுபவர் கிருபையின்மேல் நம்பிக்கை வைக்கும்போது, அவருடைய நிலைமை எதுவும் மாறியதாகச் சங்கீதம் சொல்வதில்லை. வீட்டாரையே வாசிக்கச் சொல்லுவது நம்மிடையே ஒரு வழக்கம். அதை அன்றைக்குத் தவிர்க்கலாம்.

இதைவிடக் கடினமான கேள்வி சில வாரங்கள் கழித்து வரும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாங்கிய, புத்தாண்டுக்கான வேத வாக்கு அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இன்னும் மரியாதையான இடத்தில் சுவரில் இருக்க, 'வாழ்வு தருவேன் என்றாரே, அந்த வாக்கு என்னவாயிற்று?' என்று மனைவியை இழந்தவர் கேட்பார். நம்மில் பலர் அந்த இடத்தில் அவசரமாக வேறொரு வாக்குத்தத்தத்தை எடுத்துக் கொடுக்கிறோம். அப்படிச் செய்யாமல் 89ஆம் சங்கீதத்தைத் திறந்து அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அதன் முதல் 37 வசனங்களில் துதியும், இஸ்ரவேலின் அரசன் தாவீதின் சிங்காசனம் என்றும் நிற்கும் என்ற ஆணையும், 'தாவீதுக்கு நான் பொய்சொல்லேன்' என்ற உறுதியும் நிரம்பியிருக்கின்றன. 38ஆம் வசனத்தில் அது அப்படியே திரும்பி, நீர் எங்களை வெறுத்துத் தள்ளிவிட்டீர், உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர் என்று கடவுளின் முகத்துக்கு நேரே பேசுகிறது. உமது பூர்வ கிருபைகள் எங்கே என்று 49ஆம் வசனத்தில் கேட்கிறது. அதற்குப் பதில் வருவதில்லை. 52ஆம் வசனத்தின் துதி, ஐந்து புத்தகங்களாகப் பிரிந்திருக்கும் சங்கீதங்களின் மூன்றாம் புத்தகத்தை முடித்துவைக்கும் வரியே தவிர, கேள்விக்கு விடையல்ல. வாக்கைக் கொடுத்தவரிடமே அந்த வாக்கை நீட்டிக் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்றால், இந்தப் பாட்டு வேதத்தில் இடம்பெற்றே இருக்காது. கேள்வி கேட்டவரிடம் இதைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்பிக்கையின் வரி வாயில் வராதவர்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளில் முடிகிறது. வாசித்த பின் 'ஆனாலும்' என்று தொடங்கி எதையும் சேர்க்காதீர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய பட்டினப்பாக்கம் போன்ற குப்பங்களிலும், 2015 வெள்ளம் புகுந்த தெருக்களிலும் இழப்பு ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அத்தகைய கூட்டுத் துக்கத்திற்குரியது, கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்ததை அழுது தீர்க்கும் புலம்பல் புத்தகம். 'காலைதோறும் புதியவைகள்' என்று காலண்டரில் அச்சாகும் வரியை மட்டும் பறிக்காமல், மூன்றாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்து வந்தால்தான் அந்த வரிக்கு எடை வரும்.

கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் புதைத்துவிட்டு வந்த நகோமி, சர்வவல்லவர் தனக்குக் கசப்பைக் கொடுத்ததாகப் பெத்லகேமின் பெண்களிடம் வெளிப்படையாகச் சொன்னபோது, அவர்கள் கண்டித்ததாக ரூத் புத்தகம் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில் ரூத் வாற்கோதுமை பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். ஆகவே ஜெபம் முடிந்ததும் மாநகராட்சியில் இறப்புச் சான்றிதழ் வாங்கவும், வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போகவும் ஒருவரைப் பெயர் குறித்து ஏற்பாடு செய்யுங்கள்.

நினைவு ஆராதனை வரும்போது யோபின் கடைசி அதிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே நண்பர்களுக்காக வேண்டிக்கொள்பவர் யோபுதான். துக்கத்தில் இருப்பவரிடம், வந்திருப்பவர்களுக்காக ஜெபிக்க விருப்பமா என்று இரண்டு நாள் முன்னதாகத் தனியே கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தாமல், அந்தப் பகுதியை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள்.