ஸ்டூடன்ட் ஃபிலிமுக்கு லைப்ரரி மியூசிக், சவுண்ட் எஃபெக்ட்ஸ்: லைசென்ஸ் சிக்கல் இல்லாம எடுக்கறது எப்படி

படத்துக்கு மியூசிக் தேட உக்காரறதுக்கு முன்னாடி டைரக்டரும் எடிட்டரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வச்சுக்கோங்க: இந்தப் படம் எங்கெல்லாம் ஓடப் போகுது? க்ளாஸ்ல வாத்தியார் பாத்து மார்க் போடறதோட முடிஞ்சிடுமா, காலேஜ் ஆடிட்டோரியத்துல வெளியாளுங்களையும் கூப்பிட்டுப் போடுவீங்களா, ஃபெஸ்டிவலுக்கு அனுப்புவீங்களா, யூடியூப்லயோ விமியோலயோ ஏத்துவீங்களா, நாளைக்கு ஓடிடிக்காரன் கேட்டா குடுப்பீங்களா. லைசென்ஸ்ல நீங்க குடுக்கற காசு டிராக் எவ்வளவு நல்லா இருக்குங்கறதுக்கு இல்ல, அது எங்க, எவ்வளவு காலம் ஒலிக்கப் போகுதுங்கறதுக்கு. அதே டிராக் ஃபெஸ்டிவலுக்கு மட்டும்னா ஒரு ரேட், எல்லா நாட்டுலயும் எல்லா மீடியாவுலயும்னா வேற ரேட். இதை யோசிக்காம டிராக்கை டைம்லைன்ல போட்டு மிக்ஸிங்கும் முடிச்சுட்டு, ஃபெஸ்டிவல் ஃபார்ம்ல "மியூசிக் ரைட்ஸ் எல்லாம் என்கிட்ட இருக்கு"ன்னு டிக் அடிக்கற இடத்துல வந்து முழிக்கறவங்கதான் ஜாஸ்தி.

"ஸ்டூடன்ட் படம்தானே, யாரு கேக்கப் போறா"ன்னு சொல்றவங்க எல்லா பேட்ச்லயும் இருப்பாங்க. பல நாட்டுச் சட்டத்துல பாடம் நடத்தறதுக்குன்னு சில விலக்கு இருக்கறது உண்மைதான், ஆனா அது பொதுவா க்ளாஸ் ரூமோட நின்னுடும், படம் வெளிய வந்த நிமிஷம் அது சாதாரணப் படம். அதே மாதிரி "30 செகண்டுக்குள்ள யூஸ் பண்ணா தப்பில்ல"ன்னு ஒரு கதை சுத்திட்டே இருக்கு, அப்படி ஒரு ரூலே கிடையாது. டைட்டில்ல நன்றி போட்டா போதும்ங்கறதும் அதே ரகம்தான், நன்றி வேற, பர்மிஷன் வேற.

லைப்ரரி மியூசிக் (படங்களுக்கு லைசென்ஸ் குடுக்கறதுக்குன்னே முன்கூட்டியே பண்ணி வச்சிருக்கற டிராக்குங்க) ஏன் லாபம்னு புரியணும்னா ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு ரைட்ஸ் இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். மெட்டும் வரியும் ஒண்ணு, அது கம்போசர் இல்லன்னா பப்ளிஷர் கையில இருக்கும், அதைப் படத்தோட சேக்கறதுக்கு வாங்கறது சிங்க் லைசென்ஸ். அந்த ரெக்கார்டிங் இன்னொண்ணு, அது பெரும்பாலும் லேபிள் கையில, அதுக்கு மாஸ்டர் லைசென்ஸ். தெரிஞ்ச பாட்டு ஒண்ணைப் படத்துல வைக்கணும்னா இந்த ரெண்டு கதவையும் தட்டணும், ஒருத்தன் சரின்னு சொல்லி இன்னொருத்தன் மாட்டேன்னா அவ்வளவுதான். ஃப்ரெண்டை வச்சு கவர் பாடிக்கிட்டா மாஸ்டர் பிரச்சனை மட்டும்தான் தீரும், சிங்க் அப்படியேதான் நிக்கும். லைப்ரரில ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்கும். இது புதுசு ஒண்ணும் இல்ல, டி வுல்ஃப்ங்கற கம்பெனி 1909லயே ஆரம்பிச்சு ஊமைப் படங்களுக்கு வாசிக்க மியூசிக் நோட்ஸ் சப்ளை பண்ணிட்டு இருந்துச்சு.

இப்ப இருக்கற லைப்ரரிங்களை மூணு விதமா பாக்கலாம். எபிடெமிக் சவுண்ட், ஆர்ட்லிஸ்ட் மாதிரி சப்ஸ்கிரிப்ஷன்காரங்க. பிரீமியம்பீட், ஆடியோஜங்கிள் மாதிரி டிராக்குக்கு ஒரு தடவை காசு கட்டற இடங்க. அப்புறம் டி வுல்ஃப், ஏபிஎம், யூனிவர்சல் ப்ரொடக்‌ஷன் மியூசிக் மாதிரி பழைய பாணி லைப்ரரிங்க, இங்க ப்ராஜெக்ட்டைச் சொல்லிக் கோட்டேஷன் வாங்கணும்.

சப்ஸ்கிரிப்ஷன் சுலபமா தெரியும், ஆனா மூணு விஷயம் பாத்துட்டுதான் உள்ள போகணும். முதல்ல, நீங்க எடுத்த பிளான்ல ஃபெஸ்டிவல் இருக்கா, சின்ன பிளான் பல சமயம் உங்க சொந்த சேனல் அப்லோடுக்கு மட்டும்தான் இருக்கும். ரெண்டாவது, சப்ஸ்கிரிப்ஷன் முடிஞ்சப்புறம் என்ன ஆகும். சில இடத்துல சந்தா இருந்தப்ப ரிலீஸ் பண்ணின படத்துக்கு மட்டும் கவர் தொடரும், அன்னைக்கு டவுன்லோட் பண்ணி வச்ச டிராக்கை அடுத்த வருஷம் புதுப் படத்துல போட முடியாது. சில இடத்துல போடலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பிளான் மாத்தினாலும் மாறும், அதனால யூடியூப்ல எவனோ சொன்னான்னு போகாம நீங்க காசு கட்டின அன்னைக்கு இருந்த டெர்ம்ஸைப் பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க. மூணாவது, அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கு. சவுண்ட் டிசைனர் தன் சொந்த அக்கவுன்ட்ல டிராக் எடுத்துக் குடுத்தா லைசென்ஸ் அவர் பேர்ல, படம் டைரக்டர் பேர்ல, ரெண்டையும் இணைக்கற காகிதம் எதுவும் இருக்காது. கிளையன்ட்டுக்குப் பண்ற வேலைக்குன்னு தனி பிளான் வச்சிருப்பாங்க, இல்லன்னா படத்தோட பேர்லயே வாங்குங்க.

காலேஜே ஏதாவது லைப்ரரியோட டை-அப் வச்சிருந்தா ரொம்ப நல்லது, ஆனா லேப் இன்சார்ஜ் கிட்ட அந்த அக்ரிமென்ட்டைக் கேட்டு வாங்கிப் படிங்க. கோர்ஸ் முடிச்சு வெளிய போனப்புறமும் செல்லுமா, கேம்பஸுக்கு வெளிய காட்டலாமா, ஆன்லைன் உண்டா. ஒரு வரில இருக்கும், அந்த வரியைத்தான் யாரும் படிக்கறதில்ல.

பழைய பாணி லைப்ரரிங்களைப் பாத்து பயந்து விட்டுடாதீங்க. வெப்சைட்ல ரேட் பெருசா இருக்கும், இல்ல ரேட்டே இருக்காது, ஆனா ஸ்டூடன்ட் படத்துக்குன்னு குறைஞ்ச ரேட்ல, சில சமயம் சும்மாவே கூட ஃபெஸ்டிவல் லைசென்ஸ் குடுக்கற இடங்க இருக்கு. மெயில் போட்டுக் கேட்டாதான் தெரியும். "வணக்கம் சார், உங்க மியூசிக் ரொம்பப் புடிக்கும்"னு ரெண்டு பாரா எழுதாம அவங்களுக்கு வேண்டியதை ஒரே மூச்சுல குடுங்க, இப்படி:

"12 நிமிட ஸ்டூடன்ட் குறும்படம், காலேஜ் தயாரிப்பு, மொத்த பட்ஜெட் இவ்வளவு. உங்க கேட்டலாக்ல இந்த ஆல்பம், இந்த டிராக், இந்த வெர்ஷன். மூணாவது நிமிஷத்துல வசனம் இல்லாத காட்சிக்குப் பின்னணியா 46 விநாடி. வேண்டிய ரைட்ஸ்: உலகம் முழுக்க ஃபெஸ்டிவல், காலேஜ் திரையிடல், எங்க சொந்த வெப்சைட். அப்புறம் படம் விலை போனா எல்லா மீடியாவுக்கும் மாத்திக்க என்ன ரேட்னு இப்பவே சொல்ல முடியுமா?"

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். படம் ஹிட் ஆனப்புறம் ரேட் கேட்டா பேரம் பேச உங்க கைல ஒண்ணும் இருக்காது, முன்னாடியே எழுத்துல வாங்கிட்டா அந்தத் தொகைதான்.

பதில் வந்ததும் லைசென்ஸ்ல பாக்க வேண்டியது: எந்த மீடியா, எந்தெந்த நாடு, எத்தனை வருஷம், எத்தனை ப்ராஜெக்ட், டிரெய்லர்ல யூஸ் பண்ணலாமா, டிராக்கை வெட்டி ஒட்டலாமா. ஒரு வருஷ ஃபெஸ்டிவல் லைசென்ஸ்னா தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க, ஃபெஸ்டிவல் ரவுண்டு அதுக்குள்ள முடியறதே இல்ல. அப்புறம் ராயல்டி ஃப்ரீன்னு போட்டிருந்தா இலவசம்னு நினைச்சுக்காதீங்க, ஒரு தடவை காசு கட்டினா ஒவ்வொரு ஷோவுக்கும் திரும்பத் திரும்பக் கட்ட வேணாம்னுதான் அர்த்தம்.

கைல காசே இல்லன்னா கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமா சிசி, ஆக்கினவரே இன்னின்ன கண்டிஷன்ல சும்மா எடுத்துக்கலாம்னு விடற லைசென்ஸ்) பக்கம் போவீங்க, போகலாம், ஆனா இங்கதான் நல்லா படிச்சவங்களும் வழுக்கி விழறாங்க. சிசி ஜீரோன்னா எந்தக் கண்டிஷனும் இல்ல, பேர் கூடப் போட வேணாம். சிசி பை-ன்னா பேர் போட்டு எடுத்துக்கலாம், கெவின் மெக்லவுடோட இன்காம்பெடெக் சைட்ல இருக்கற டிராக்குங்க இந்த ரகம். என்சி இருந்தா வணிகப் பயன்பாடு கூடாது, இன்னைக்கு ஓகே, நாளைக்குப் படத்தை வித்தா அந்த டிராக் வெளிய போயாகணும். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். என்டி-ங்கறதை மட்டும் "டிராக்கை மாத்தக் கூடாது, அவ்வளவுதானே, நாம முழுசா அப்படியே போட்டுடலாம்"னு எடுத்துக்கறாங்க, அங்கதான் தப்பு. கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்லயே தெளிவா எழுதியிருக்கு, இசையை ஓடற படத்தோட நேரம் பொருத்திச் சேத்தாலே அது புது ஆக்கம்தான்னு. அதனால என்டி போட்ட டிராக்கை ஒரு விநாடி கூட வெட்டாம வச்சாலும் படத்துல வைக்க முடியாது. அதே காரணத்தால எஸ்ஏ இருக்கற டிராக்கை வச்சா உங்க படத்தையே அதே லைசென்ஸ்ல விடணும், அதாவது யார் வேணா காப்பி எடுத்து மாத்தி வெளியிடலாம். அதுக்கு மனசு இருந்தா போடுங்க, இல்லன்னா தேடும்போதே ஃபில்டர்ல சிசி ஜீரோவும் சிசி பையும் மட்டும் வச்சுக்கிட்டா தலைவலி இல்ல.

பேர் போடறதுலயும் ஒழுங்கு இருக்கு. "மியூசிக்: இன்டர்நெட்"னு போடற படங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். டிராக் பேர், ஆக்கினவர் பேர், எங்கருந்து எடுத்தோம், எந்த லைசென்ஸ் எந்த வெர்ஷன், வெட்டியோ மாத்தியோ இருந்தா அதையும் சேத்து எண்ட் டைட்டில்ல போடுங்க. யூடியூப்ல ஏத்தினா டிஸ்க்ரிப்ஷன்லயும் லிங்க்கோட.

பழைய கிளாசிக்கல் இசைன்னா ஃப்ரீதானேன்னு கேப்பாங்க. மோட்சார்ட் 1791ல செத்துட்டார், அவர் மெட்டு பொதுச் சொத்து, சரி. ஆனா நீங்க டவுன்லோட் பண்ற ஃபைல்ல வாசிச்சிருக்கற ஆர்கெஸ்ட்ராவோட ரெக்கார்டிங்குக்கு தனி உரிமை இருக்கு, மேல சொன்ன மாஸ்டர். மியூஸ்ஓப்பன்ங்கற சைட்ல உரிமை விட்டுக்குடுத்த ரெக்கார்டிங்குங்க இருக்கு, அங்க தேடுங்க, அங்கயும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்துல என்ன லைசென்ஸ்னு பாருங்க. இல்லன்னா நோட்ஸ் எடுத்து ம்யூசிக் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டை வாசிக்க வச்சு, அவர் கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க.

சவுண்ட் எஃபெக்ட்ஸ் இதை விட சுலபம், மெட்டு கிடையாது, ரெக்கார்டிங் உரிமை மட்டும்தான். ஃப்ரீசவுண்ட் 2005ல பார்சிலோனால ஒரு யூனிவர்சிட்டில ஆரம்பிச்ச சைட், அங்க ஒவ்வொரு சத்தத்துக்கும் ஏத்தினவர் வேற வேற லைசென்ஸ் போட்டிருப்பார், கதவுச் சத்தம் சிசி ஜீரோ, மழை என்சி-ன்னு கலந்துதான் கிடைக்கும். சோனிஸ் கம்பெனி கேம் டெவலப்பர் மாநாட்டு சமயத்துல வருஷா வருஷம் ராயல்டி ஃப்ரீ எஃபெக்ட்ஸ் பெரிய மூட்டையா விடுவாங்க, வணிகப் படத்துக்கும் ஓகே, க்ரெடிட் கூட வேணாம். பிபிசி சவுண்ட் எஃபெக்ட்ஸ்ல சொந்த உபயோகம், படிப்பு, ஆராய்ச்சிக்கு மட்டும்தான் இலவசம். அசைன்மென்ட்டுக்கு அள்ளிக்கலாம், வெளிய விக்கற மாதிரி ஏதாவது யோசனை இருந்தா தொடாதீங்க, அதுக்குத் தனியா லைசென்ஸ் வாங்கணும்.

எஃபெக்ட்ஸ்ல ஒரு ஒளிஞ்ச ஆபத்து, டீக்கடை ஆம்பியன்ஸ் (அந்த இடத்தோட சுத்துப்புற சத்தம்), மார்க்கெட் ஆம்பியன்ஸ்னு எடுக்கற ஃபைல்ல பின்னாடி எங்கயோ ரேடியோல ஒரு பாட்டு ஓடிட்டு இருக்கும். ஏத்தினவர் சிசி ஜீரோ போட்டாலும் அந்தப் பாட்டை அவர் தானம் பண்ண முடியாது. ஹெட்ஃபோன் போட்டு முழுசா ஒரு தடவை கேளுங்க. உங்க லொகேஷன் சவுண்ட்லயும் இதேதான், ஹீரோவோட ரிங்டோன், பக்கத்து வீட்டு டிவி, எல்லாம் கணக்குல வரும். ஷூட்டிங்ல டிவியை ஆஃப் பண்ணிட்டு சத்தத்தை அப்புறம் லைப்ரரில இருந்து போடுங்க. காலடி, பாத்திரம், துணி உரசல் மாதிரி ஃபோலி சமாச்சாரத்துக்கு மைக்கை எடுத்து நீங்களே ரெக்கார்ட் பண்ணிக்கறது தேடற நேரத்தை விட சீக்கிரம் முடியும்.

ஏஐ டூல்ல மியூசிக் போட்டுக்கலாமான்னா, இலவச பிளான்ல பல டூல் வணிகப் பயன்பாட்டைத் தடுக்குது, சில ஃபெஸ்டிவல்ல ஏஐ பயன்படுத்தினதைச் சொல்லச் சொல்றாங்க, ரெண்டையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

டெம்ப் டிராக் (எடிட் பண்றப்ப தற்காலிகமா போட்டு வைக்கற மியூசிக்) பத்தி ஒரு வார்த்தை. ரஃப் கட்டுக்கு பெரிய படத்தோட பின்னணி இசையைப் போட்டு ஒரு மாசம் பாத்துட்டீங்கன்னா அப்புறம் எந்த லைப்ரரி டிராக்கும் பிடிக்காது, எடிட்டும் அந்தத் தாளத்துக்கே வெட்டினதா இருக்கும். டெம்ப்பே லைப்ரரில இருந்து போடுங்க, வாட்டர்மார்க் குரல் நடுவுல பேசினாலும் பரவாயில்ல. காசு கட்டினதும் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா எடுங்க, ஸ்டெம் (டிராக்கோட ஒவ்வொரு பகுதியும் தனித்தனி ஃபைலா) குடுத்தா அதையும் சேத்து எடுங்க, வசனம் வர்ற இடத்துல டிரம்ஸை மட்டும் தூக்கிடலாம்.

டிராக் டைம்லைன்ல விழுந்த அன்னைக்கே க்யூ ஷீட்ல (படத்துல எந்த மியூசிக் எங்க வருதுங்கற பட்டியல்) ஏத்துங்க, கடைசில உக்காந்து ஞாபகப்படுத்தறது நரகம். ஒரு வரி இப்படி இருக்கும்:

00:03:12 – 00:03:58 | 46 விநாடி | டிராக் பேர் | கம்போசர் | பப்ளிஷர் | பின்னணி, குரல் இல்லாதது | லைப்ரரி | லைசென்ஸ் நம்பர், தேதி

காட்சிக்குள்ளயே ரேடியோல ஓடற பாட்டுன்னா "பின்னணி"க்கு பதிலா அதைக் குறிங்க. டிவில போட்டா சேனல்காரங்க இந்த ஷீட்டைத்தான் கேப்பாங்க, கம்போசருக்கு ராயல்டி போறது இதை வச்சுதான். எஃபெக்ட்ஸுக்கு க்யூ ஷீட் வேணாம், ஆனா ஃபைல் பேர், லிங்க், லைசென்ஸ்னு தனியா ஒரு ஷீட் போடுங்க, சிசி ஃபைலா இருந்தா அந்தப் பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட் தேதி தெரியற மாதிரி. ஏத்தினவர் நாளைக்கு பக்கத்தையே தூக்கிடலாம், நீங்க எடுத்தப்ப இருந்த சிசி லைசென்ஸ் உங்களுக்குச் செல்லும், ஆனா அதை நிரூபிக்க அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கும்.

யூடியூப்ல ஏத்தும்போது முதல்ல பிரைவேட்ல போட்டுப் பாருங்க. முறையா லைசென்ஸ் வாங்கின டிராக்குக்கே கன்டென்ட் ஐடி (யூடியூப் தானா பாட்டைக் கண்டுபிடிக்கற சிஸ்டம்) க்ளெய்ம் வரும், மெஷின் டிராக்கை மட்டும்தான் பாக்கும், உங்க ரசீதைப் பாக்காது. க்ளெய்ம்னா ஸ்ட்ரைக் (சேனலுக்கு விழற எச்சரிக்கை) இல்ல, பதற வேணாம். லைப்ரரிக்கு வீடியோ லிங்க்கும் லைசென்ஸ் நம்பரும் அனுப்பினா பெரும்பாலும் அவங்களே எடுத்துடுவாங்க, இல்லன்னா டிஸ்ப்யூட் போடணும், க்ளெய்ம் பண்ணவங்களுக்கு பதில் சொல்ல 30 நாள் டைம் இருக்கு, அதனால ரிலீஸ் தேதிக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க.

ஃபைனல் மிக்ஸ் முடிஞ்சதும் டயலாக், மியூசிக், எஃபெக்ட்ஸ் மூணையும் தனித்தனி ஸ்டெம்மா எக்ஸ்போர்ட் பண்ணி, க்யூ ஷீட்டும் எல்லா லைசென்ஸ் பிடிஎஃப்பும் அதே ஃபோல்டர்ல போட்டு ரெண்டு டிரைவ்ல வைங்க. எவனாவது படத்தை வாங்க வந்து ஒரு டிராக்குக்கு மட்டும் ரைட்ஸ் கிடைக்கலன்னா, மியூசிக் ஸ்டெம்ல அந்த 46 விநாடியை மாத்திட்டு மறுநாளே அனுப்பிடலாம்.