வயலினும் வேண்டும், பொறியியலும் வேண்டும்: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அக்கா மகள் சின்ன வயதிலிருந்து வயலின் வாசிக்கிறாள், கணக்கிலும் கெட்டி. பிளஸ் டூ முடிந்ததும் எந்தக் கல்லூரி என்று வீட்டில் ஒரே குழப்பம். அப்போது நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த இசை என்று பிரியுங்கள்

கச்சேரியா, ஒலிப்பதிவு போன்ற தொழில்நுட்ப வேலையா? இரண்டாவது என்றால் ஈசிஇ, அதாவது மின்னணு, தொடர்பியல் பொறியியல் பிரிவு பாருங்கள். சிடியில் ஒரு நொடி ஒலியை ஏன் 44,100 முறை அளந்து பதிகிறார்கள் என்பதெல்லாம் அங்கே சிக்னல் பிராசஸிங் பாடத்தில் வரும். கச்சேரிதான் என்றால் எந்தப் பிரிவானாலும் சரி, சாதகத்துக்கு, அதாவது தினமும் வாசித்துப் பழக, நேரம் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

2. கட்-ஆஃப் போடுங்கள்

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் கட்-ஆஃப். எந்தக் கல்லூரியில் எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற போன வருடப் பட்டியலை வைத்து, கிடைக்கக்கூடிய பத்துப் பதினைந்து கல்லூரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. குரு வீட்டிலிருந்து தூரம் பாருங்கள்

எல்லோரும் கடைசியில் யோசிப்பது இது. சென்னையில் கிண்டியில் படித்தால் மயிலாப்பூர் பாட்டு வாத்தியார் வீட்டுக்கு மாலையில் போய் வந்துவிடலாம். ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் தள்ளி என்றால் கல்லூரி பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கம் படித்தால் இசைக்குப் பேர்போன திருவையாறு அருகில். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் இசைத்துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

4. விடுதியை நேரில் பாருங்கள்

ஒரு கல்லூரியில் எங்களுக்கு எல்லாம் பிடித்திருந்தது. அக்கா மகள் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருந்தாள். வார்டன் அதைப் பார்த்துவிட்டு, "இதை ரூமில் வைக்கலாம்மா, வாசிக்கக் கூடாது" என்றார். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஸ்டடி அவர்ஸ், அப்புறம் சாப்பாடு, பத்து மணிக்கு விளக்கணைப்பு. எப்போதுதான் வாசிப்பது? பேசாமல் திரும்பிவிட்டோம்.

அலுவலகத்தில் கேட்டால் "கல்ச்சுரல்ஸ் உண்டு சார்" என்பார்கள். வருடத்துக்கு மூன்று நாள் விழா சாதகத்துக்கு ஆகாது. வாசலில் டீ குடிக்கும் சீனியர்களிடம் கேளுங்கள்: வாசிக்கத் தனி அறை உண்டா? கச்சேரிக்குப் போனால் 'ஆன் டூட்டி' (ஓடி), அதாவது வராத நாளையும் வந்ததாகக் கணக்கில் எடுக்கும் அனுமதி, தருவார்களா? வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பதால் இது முக்கியம். செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில் வரும், மார்கழிக் கச்சேரி சீசனும் அதே சமயத்தில்தான். எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

5. தனி வழிகளையும் பாருங்கள்

சென்னை ஐஐடியில் 2025-26 முதல் கலைத் திறமைக்கு என்று ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம் பிடித்திருக்க வேண்டும். வாங்கிய விருது, சான்றிதழ்களைத் தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் அனுமதி தந்தது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. முதல் வருடமே இதில் இறங்க வேண்டாம் என்பேன், பொறியியல் கணக்குப் பாடம் ஒன்றே போதும் தூக்கம் கெட.

அக்கா மகள் கட்-ஆஃபில் கொஞ்சம் கீழே இருந்த கல்லூரியைத்தான் எடுத்தாள். அங்கிருந்து வாத்தியார் வீடு இரண்டு ஸ்டாப். புதன், சனி வகுப்பு. லேப் ரெக்கார்டும் அந்த வயலின் பெட்டிக்குள்ளேயே போகிறது.