மரப் பைப்: முதலில் துளை, அப்புறம்தான் செதுக்கல்

புகையிலை பைப் (சுங்கான் என்றும் சொல்வோம்) செய்ய உட்காருகிற பலர் முதலில் யோசிப்பது வடிவத்தைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் கட்டையை மூன்று நாள் உட்கார்ந்து அழகாக இழைத்துவிட்டு, கடைசியில் துளை போடப் போனபோது டிரில் பிட் கொஞ்சம் சாய்ந்து கிண்ணத்தின் பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பைப் நன்றாக இழுப்பதும் இழுக்காததும் உள்ளே இருக்கும் துளைகளைப் பொறுத்தது. அதனால் இங்கே துளைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கட்டை. பைப்புக்குப் பெயர் போனது பிரையர். மத்திய தரைக்கடல் ஓரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேரடியில் உருண்டு திரண்டிருக்கும் முண்டு அது. அந்த முண்டை அறுத்து, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை எடுத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகுதான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். நெருப்புக்கு எளிதில் கருகாது, ஈரத்தையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். ஆலிவ், செர்ரி, பேரி மரங்களிலும் செய்யலாம், ஆனால் அவை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கிண்ணச் சுவரையும் கொஞ்சம் தடிமனாக விட வேண்டும். பிசின் வடியும் பைன் வகைகள், பிளைவுட், ரசாயனம் ஏற்றிய மரம், அரளி போன்ற நச்சு மரங்கள் இவற்றின் பக்கமே போகாதீர்கள். எரியும்போது வரும் புகை நேராக வாய்க்குள் போகிறது. எந்த மரம் என்று உறுதியாகத் தெரியாத பழைய கட்டைக்கும் இதே விதிதான்.

முதல் பைப்புக்கு, துளை ஏற்கனவே போட்டு, வாய்க்குழலும் பொருத்தியே வரும் கட்டைகள் கிடைக்கின்றன. அதை வாங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அரம் பிடிக்கக் கை பழகும், அடுத்ததற்குத் துளையைத் தொடலாம்.

நீங்களே துளைப்பதாக இருந்தால், கட்டையின் இரண்டு பக்கங்களை ஒன்றுக்கொன்று இணையாக, மட்டமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பைப்பின் பக்கவாட்டுப் படத்தை உண்மை அளவில் வரைந்து அந்தப் பக்கத்தில் ஒட்டி, கிண்ணத்தின் நடுக்கோட்டையும் காற்றுத் துளையின் (கிண்ணத்திலிருந்து வாய்க்குழல் பக்கம் புகை வரும் வழி) நடுக்கோட்டையும் பென்சிலால் கட்டை முழுக்க இழுத்துவிடுங்கள். இரண்டு கோடும் சந்திக்கும் புள்ளிதான் கிண்ணத்தின் அடி. இதை அவசரமாகச் செய்தால் பின்னால் எதுவும் காப்பாற்றாது.

பொதுவான அளவுகள் இவை: கிண்ணத் துளையின் விட்டம் 19 அல்லது 20 மி.மீ., ஆழம் 35 முதல் 45 மி.மீ. வரை, காற்றுத் துளை 4 மி.மீ., காம்பின் (கிண்ணத்திலிருந்து வாய்க்குழல் பக்கம் நீளும் பகுதி) வாயில் வாய்க்குழல் உட்காரும் துளை 8 மி.மீ. விட்டமும் சுமார் 20 மி.மீ. ஆழமும். கிண்ணத்தின் சுவர் எங்கேயும் 6 மி.மீ.க்குக் குறையாமல், அடிப்பாகம் 8 முதல் 10 மி.மீ. இருக்கும்படி படத்தை வரையுங்கள்.

துளைக்கும் வரிசையில் ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் காம்புப் பக்கத் துளையை முதலில் போடுகிறேன், கட்டையை வைஸிலிருந்து அசைக்காமல் அதே பிடிப்பிலேயே 4 மி.மீ. காற்றுத் துளையையும் இறக்கிவிடுகிறேன், கிண்ணம் கடைசி. காரணம், கிண்ணத்தை மேலிருந்து இறக்கிக்கொண்டே வரும்போது அடியில் காற்றுத் துளை எட்டிப் பார்க்கும், அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். நீளமான மெல்லிய பிட் மர ரேகையோடு சேர்ந்து வளைந்துபோகும் பழக்கம் உள்ளது, ஆகவே அழுத்தாதீர்கள், மெதுவாக ஓட்டி, சில மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். கிண்ணத்துக்குத் தட்டையான ஸ்பேட் பிட்டின் முனையைக் கிரைண்டரில் அரைவட்டமாகத் தேய்த்து வைத்துக்கொண்டால் அடி உருண்டையாக வரும்.

காற்றுத் துளை கிண்ணத்தின் அடியில், நட்டநடுவில் திறக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மேலே திறந்தால் அதற்குக் கீழே உள்ள புகையிலை எரியாமல் ஈரமாகத் தேங்கும், ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

வாய்க்குழலுக்கு எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) அல்லது அக்ரிலிக் பிளாஸ்டிக். எபோனைட் பல்லுக்கு மிருது, ஆனால் வெயில் பட்டால் நாளடைவில் பச்சையும் பழுப்புமாக மங்கும். அக்ரிலிக் மங்காது, கடிக்கக் கொஞ்சம் கடினம். தயாராக விற்கும் குழலை வாங்கி, அதன் கழுந்தை (காம்பின் துளைக்குள் போகும் முனை) உப்புத்தாள் பட்டையால் சுற்றித் திருப்பித் திருப்பிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பத்துத் திருப்புக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். லேசாகத் திருகினால் உள்ளே போக வேண்டும், சும்மா ஆட்டினால் கழலக் கூடாது. ரொம்ப இறுக்கமாக விட்டால், புகைத்து மரம் ஊறும் நாளில் காம்பு பிளந்துவிடும். கழுந்தின் நுனி துளையின் அடிவரை போய்த் தொடும்படி இருக்கட்டும், இடையில் வெற்றிடம் இருந்தால் அங்கே நீர் சேர்ந்து களகளவென்று சத்தம் வரும். பைப் கிளீனர் கம்பி ஒன்றை வாய்ப்பக்கம் விட்டுப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் கிண்ணத்துக்குள் தலை காட்ட வேண்டும்.

இப்போது செதுக்கலாம். மூலைகளை ரம்பத்தால் வெட்டி எறிந்துவிட்டு முரட்டு அரம், அப்புறம் மென்மையான அரம். கிண்ணமும் காம்பும் சேரும் மடிப்புதான் கஷ்டமான இடம், அங்கே உருட்டு அரம் ஒன்றைத் தவிர வேறெதுவும் சரியாக வராது. வாய்க்குழலைப் போட்ட நிலையிலேயே காம்பைத் தேயுங்கள், கழற்றித் தேய்த்தால் விளிம்பு உருண்டு, மூட்டில் பள்ளம் தெரியும். மாஸ்க் போடாமல் அரத்தைத் தொடாதீர்கள், மரத்தூளும் எபோனைட் தூளும் நெஞ்சுக்கு ஆகாது.

பிரையருக்குள் மணல் குழிகள் (மரத்துக்குள்ளேயே இயற்கையாக இருக்கும் சின்னப் பள்ளங்கள்) ஒளிந்திருக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கட்டையானாலும் சரி. சின்னக் குழி வந்தால் அப்படியே விட்டுவிடுவேன். பெரிதாக இருந்தால் சிறு உளியால் அந்தப் பரப்பு முழுவதையும் சொரசொரப்பாகக் கொத்திவிடுவேன், பிடிக்கவும் நன்றாக இருக்கும். குழி உள்பக்கம் ஆழமாகப் போனால் அந்தக் கட்டையை ஒதுக்கிவிடுங்கள், சுவர் அந்த இடத்தில் எரிந்து ஓட்டையாகலாம்.

உப்புத்தாள் 120 எண்ணில் (எண் ஏற ஏற மென்மை) ஆரம்பித்து 220, 320, 400, 600 என்று போங்கள். நடுவில் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்தால் நார் எழும்பும், காய்ந்ததும் அதைத் தேய்த்துவிடலாம். ரேகை எடுத்துக்காட்ட ஆல்கஹாலில் கரையும் தோல் சாயம் நல்லது: முதலில் அடர்நிறம் பூசி, 400-ஆல் தேய்த்து எடுங்கள், மிருதுவான பகுதிகளில் மட்டும் கருமை தங்கும். அதன்மேல் இளநிறம். வார்னிஷ், பாலியூரிதேன் வேண்டாம், சூட்டில் கொப்புளிக்கும், மரத்தின் மூச்சையும் அடைத்துவிடும். பஃப் சக்கரத்தில் (மெருகேற்றச் சுழலும் துணிச் சக்கரம்) கர்னாபா மெழுகு போதும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து வருவது, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும், அதனால் சூடான பைப்பிலும் ஒட்டி நிற்கும். சக்கரத்தின் கீழ்ப்பாதியில் பிடியுங்கள், அடியில் ஒரு பழைய துணி விரித்து வையுங்கள், கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். கிண்ணத்தின் உள்ளே சாயமோ மெழுகோ ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

முதல் சில தடவை கிண்ணத்தைப் பாதி மட்டும் நிரப்பி, மெதுவாக இழுங்கள், உள்ளே கரி படலம் படிய நேரம் வேண்டும். முடிந்ததும் பைப்பை முழுக்க ஆறவிட்டு, சாம்பலைத் தட்டி, அடியைப் பாருங்கள். உலர்ந்த சாம்பல் மட்டும் கிடந்தால் துளை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஈரமான புகையிலை ஒட்டிக்கொண்டு கிடந்தால், அடுத்த கட்டைக்கு அந்தப் பென்சில் கோட்டை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கி வரையுங்கள்.