சூதாட்ட உரிம விண்ணப்பத்தை ஆராய்வது எப்படி? பிரிட்டன் ஆணையத்தின் மேசையிலிருந்து ஒரு தொடக்கப் பாடம்

காசினோ நடத்துபவர், பந்தயக் கடை வைத்திருப்பவர், பிங்கோ மன்றம் நடத்துபவர், கைப்பேசியில் ஸ்லாட் ஆட்டம் விற்பவர் என்று யாராக இருந்தாலும், பிரிட்டனில் தொழில் செய்ய பர்மிங்காமில் இருக்கும் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் வேண்டும். (வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம், அது இந்தக் கணக்கில் வராது.) வந்து சேரும் விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்து, கொடுக்கலாமா கூடாதா என்று காரணத்தோடு எழுதித் தருபவரே உரிமப் பகுப்பாய்வாளர். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது பளபளப்பான வேலையாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் வங்கிக் கணக்கு அறிக்கையும் பங்குதாரர் பட்டியலும்தான். கணக்குப் படிக்கத் தெரிந்து, தெளிவாக எழுதவும் வந்து, எதையும் எடுத்த எடுப்பில் நம்பாத குணமும் இருந்தால் மற்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.

முதல் படி: சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்க விடாது

அடிப்படை, 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2007 செப்டம்பர் 1 அன்று. அதன் முதல் பிரிவே மூன்று நோக்கங்களைச் சொல்லிவிடுகிறது: சூதாட்டம் குற்றத்துக்கு ஊற்றாகவோ துணையாகவோ ஆகக் கூடாது, ஆட்டம் நேர்மையாகவும் வெளிப்படையாகவும் நடக்க வேண்டும், குழந்தைகளுக்கும் எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தீங்கு நேரக் கூடாது. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதப் போகும் ஒவ்வொரு ஆட்சேபமும் இவற்றில் ஒன்றில் போய் நிற்க வேண்டும்.

புதியவர்கள் தவறவிடுவது 72ஆம் பிரிவு. இந்தப் பகுதியில் ஏற்கெனவே இத்தனை கடைகள் இருக்கின்றன, இன்னொன்று எதற்கு என்று கேட்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. தேவை இருக்கிறதா, எந்தப் பகுதியில் தொழில் நடக்கப் போகிறது என்பவற்றைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்று சட்டமே கையைக் கட்டிவிட்டது. சூது நல்லதா கெட்டதா என்ற உங்கள் சொந்தக் கருத்துக்கும் இந்த மேசையில் இடமில்லை. அது மிகவும் உறுத்தும் என்றால், வேறு வேலை பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

இரண்டாம் படி: எந்த உரிமம்?

மூன்று வகை உண்டு. தொழில் நடத்தும் நிறுவனத்துக்கு இயக்க உரிமம். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தனிநபர் உரிமம். கடை அல்லது கூடம் இருக்கும் கட்டடத்துக்கு வளாக உரிமம். இதை உள்ளாட்சி மன்றம் வழங்குகிறது, ஆணையம் அல்ல. இணையவழித் தொழிலுக்குத் தனி இயக்க உரிமம் வேண்டும். ஜிப்ரால்டரிலோ மால்டாவிலோ உட்கார்ந்து பிரிட்டன் வாடிக்கையாளர்களிடம் பந்தயம் வாங்கினாலும், 2014 நவம்பர் 1 முதல் இந்த ஆணையத்தின் உரிமம் கட்டாயம்.

பிறகு கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். படிவம், கட்டணம், அடையாளச் சான்றுகள், வணிகத் திட்டம், நிதிக் கணிப்பு, கொள்கை ஆவணங்கள். கட்டணம், எதிர்பார்க்கும் மொத்த ஆட்ட வருவாயைப் பொறுத்து மாறும். பந்தயமாக வாங்கிய பணத்தில் வென்றவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதே அந்த வருவாய். கணிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வணிகத் திட்டத்தில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேளுங்கள். வாரம் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பொறுமை போவது விண்ணப்பதாரருக்கு மட்டுமல்ல.

மூன்றாம் படி: உண்மையான சொந்தக்காரர் யார்?

அதிக நேரம் பிடிப்பது இதுதான். பிடிக்க வேண்டியதும் இதுதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, விண்ணப்பிக்கும் நிறுவனத்தைக் கீழே எழுதுங்கள். மேலே அதன் பங்குதாரர்கள். அவர்களில் நிறுவனம் எதுவும் இருந்தால் அதற்கு மேலே அதன் பங்குதாரர்கள். இப்படியே, ஒவ்வொரு கிளையிலும் ஒரு மனிதரின் பெயர் வரும்வரை ஏறுங்கள். அறக்கட்டளை வந்தால் அங்கே நின்றுவிடாதீர்கள்: அமைத்தவர் யார், நிர்வகிப்பவர் யார், பயன் பெறுபவர் யார் என்று மூன்று பெயர்களையும் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பதாரர் தரும் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் படத்தை நீங்களே வரைந்துவிடுவது நல்லது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் பதிவேடு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. தொடங்க அது நல்ல இடம், முடிக்க அல்ல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் சட்டத்தின் பார்வையில் கட்டுப்பாட்டாளர், அதாவது நிறுவனத்தின் மீது பிடி உள்ளவர். அவரை முழுமையாக ஆராய வேண்டும். இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் 60 சதவீதம் ஒரு தாய் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தத் தாய் நிறுவனத்தில் ஒருவர் 12 சதவீதம் வைத்திருக்கிறார். பெருக்கிப் பார்த்தால் 7.2 சதவீதம்தான், இவரை விட்டுவிடலாம் என்று தோன்றும். விடக் கூடாது. தாய் நிறுவனத்திலேயே 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவர் கட்டுப்பாட்டாளர். சட்டம் பெருக்கச் சொல்லவில்லை. விண்ணப்பதாரரின் வழக்கறிஞர் அனுப்பும் அழகான வரைபடத்தில் பெருக்கிய எண் மட்டும் இருந்தால், பென்சிலை எடுத்துத் தாய் நிறுவனத்து எண்ணை நீங்களே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சதவீதம் குறைவாக இருந்தும் ஆதிக்கம் அதிகமாக இருக்கலாம். வாக்குரிமை கூடுதலாக உள்ள தனிவகைப் பங்கு, பங்குதாரர்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தம், இயக்குநரை நியமிக்கும் உரிமை என்று இதற்குப் பல முகங்கள் உண்டு. கடன் கொடுத்தவர் பட்டியலையும் இதே கண்ணோடு படியுங்கள்.

நான்காம் படி: பணம் வந்த வழி

தொழில் தொடங்க 3.5 லட்சம் பவுண்டு இருக்கிறது என்று விண்ணப்பம் சொல்கிறது. வங்கி அறிக்கையும் இணைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர் கடைசி வரியைப் பார்ப்பார்: இருப்பு 3.5 லட்சம், சரி. பழகியவர் மேலிருந்து படிப்பார். ஐந்து மாதமாக நாலாயிரம், ஐயாயிரம் என்று தள்ளாடிக்கொண்டிருந்த கணக்கில், அறிக்கை எடுப்பதற்கு மூன்று நாள் முன்பு ஒரே தவணையில் 3.45 லட்சம் வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயருக்குப் பதில் ஒரு சுருக்கக் குறியீடு. கேட்டால், உறவினர் கொடுத்த கடன் என்று பதில் வரும்.

அந்தப் பதிலோடு உங்கள் வேலை தொடங்குகிறது. கடன் பத்திரம் எங்கே, எந்தத் தேதியில் கையெழுத்தானது? வட்டி எவ்வளவு, திருப்பிக் கொடுக்கும் காலம் என்ன? திருப்பிக் கொடுக்காவிட்டால் பங்காக மாறுமா? மாறும் என்றால் அந்த உறவினர் மூன்றாம் படியின் படத்துக்குள் வந்துவிடுகிறார். அவருக்கு அந்தப் பணம் எப்படி வந்தது? வீடு விற்றது என்றால் விற்பனைப் பத்திரமும், அந்தத் தொகை அவர் கணக்கில் விழுந்த வரியும். சம்பளச் சேமிப்பு என்றால் வரி ஆவணங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அதைக் கோப்பில் குறித்து வையுங்கள். தகுதி இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. குற்றம் செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், கேள்வி கேட்கும்போது குரல் தானாகத் தணிந்துவிடும். குற்றம் சாட்டும் தொனியில் எழுதப்பட்ட கடிதத்துக்கு வழக்கறிஞர்தான் பதில் எழுதுவார். சாதாரணமாகக் கேட்டால் ஆவணம் வரும்.

ஐந்தாம் படி: மனிதர்கள்

பொதுநிர்வாகம், நிதி, விளம்பரம், விதி இணக்கம், தகவல் தொழில்நுட்பம் போன்ற பொறுப்புகளில் இருப்பவர்களுக்குத் தனிநபர் மேலாண்மை உரிமம் தேவை. சிறு நிறுவனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. குற்றப் பின்னணிச் சான்று, வெளிநாட்டில் வாழ்ந்தவர் என்றால் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்று, திவால் வரலாறு, வேறு நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளில் பெற்ற அல்லது இழந்த உரிமங்கள் என்று வரிசையாகப் பாருங்கள்.

பழைய தண்டனை இருந்தாலே நிராகரிப்பு என்று நினைக்க வேண்டாம். என்ன குற்றம், எப்போது, இந்தத் தொழிலோடு தொடர்பு என்ன என்று எடை போட வேண்டும். இளமையில் செய்த ஒரு சண்டையை ஒளிக்காமல் எழுதியவரைவிட, ஐந்து வருடம் முன்பு நடந்த மோசடி விசாரணையைக் குறிப்பிட மறந்த நிதி இயக்குநரே உங்களுக்குக் கவலை தர வேண்டியவர்.

ஆறாம் படி: என்னதான் விற்கப் போகிறார்கள்?

கொள்கை ஆவணங்கள் பெரும்பாலும் ஆலோசகர்கள் எழுதியவை. பல நேரம் ஒரே அச்சில் வார்த்தவை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை சொல்கிறேன். கறுப்புப் பணத் தடுப்புக்கான 2017ஆம் ஆண்டு விதிகள் சூதாட்டத் துறையில் காசினோக்களுக்கு மட்டுமே பொருந்தும், இணையக் காசினோக்கள் உட்பட. பந்தயக் கடைக்குப் பொருந்துவது 2002ஆம் ஆண்டின் குற்ற வருமானச் சட்டம். பந்தயக் கடை மட்டும் நடத்தப் போகிறவர், நாங்கள் 2017 விதிகளுக்கு உட்பட்டவர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால், அந்த ஆவணத்தை அவர் படிக்கவே இல்லை. நேர்காணலில் அவரிடம் ஒரே கேள்வி போதும்: புதிய வாடிக்கையாளர் ஒருவர் அரை மணி நேரத்தில் 20,000 பவுண்டு இழந்தால் உங்கள் ஊழியர் என்ன செய்வார்? இது மிகையான கேள்வி அல்ல. வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனக் குழுமம் 2023 மார்ச்சில் 1.92 கோடி பவுண்டு கட்ட நேர்ந்ததற்குக் காரணமான குறைகளில் ஒன்று, புதிதாகக் கணக்குத் திறந்த ஒருவர் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழித்ததை எந்தச் சோதனையும் இல்லாமல் விட்டது.

ஆட்டத்தையே நீங்கள் புரிந்துகொண்டாக வேண்டும். ஃபுட்பால் இண்டெக்ஸ் விவகாரத்தைப் புதியவர்கள் எல்லோரும் படிக்கலாம். அதை நடத்திய பெட்இண்டெக்ஸ் என்ற நிறுவனம் 2015இல் பந்தய உரிமம் பெற்றது. கால்பந்து வீரர்கள் மீது ‘பங்கு’ வாங்கலாம், அவர்கள் ஆட்டத்தைப் பொறுத்து ‘ஈவுத்தொகை’ கிடைக்கும் என்று வாடிக்கையாளர்களை அழைத்தது. சந்தை சரிந்தது, 2021 மார்ச் 11 அன்று ஆணையம் உரிமத்தை இடைநிறுத்தியது. பிறகு அரசு கேட்டுக்கொண்டபடி வழக்கறிஞர் மால்கம் ஷீஹன் நடத்திய தனி ஆய்வு, அந்தப் பொருளின் உண்மைத் தன்மையை நிறுவனம் விண்ணப்பத்திலேயே சரியாகச் சொல்லவில்லை என்றது; ஆணையமும் இன்னும் நன்றாகச் செயல்பட்டிருக்கலாம் என்றது. ஆகவே, வணிகத் திட்டத்தில் பந்தயத்துக்குப் பொருந்தாத சொல் கண்ணில் பட்டால் ஒரு காகிதத்தில் நூறு பவுண்டை எழுதி, வாடிக்கையாளர் கையிலிருந்து அது எங்கே போகிறது, யாருடைய பணத்தில் வெற்றி கொடுக்கப்படுகிறது, நிறுவனம் மூழ்கினால் என்ன மிஞ்சும் என்று கடைசிவரை தொடருங்கள். தொடர முடியாவிட்டால் விண்ணப்பதாரரை அழைத்து அவரையே வரையச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: அறிக்கை

முழுமையான விண்ணப்பம் வந்ததிலிருந்து 16 வாரம் என்பது இயக்க உரிமத்துக்கு ஆணையம் வைத்திருக்கும் இலக்கு. அறிக்கையின் முடிவு மூன்றில் ஒன்று: வழங்கலாம், நிபந்தனையோடு வழங்கலாம், மறுக்கலாம். உடைமை, நிதி, நேர்மை, திறமை, குற்றப் பின்னணி என்ற ஐந்து தலைப்புகளிலும் என்ன ஆவணம் பார்த்தீர்கள், அது எதைக் காட்டியது, எது கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். “சந்தேகத்துக்கு இடமாக உள்ளது” என்று எழுதாதீர்கள். “ஏப்ரல் 3இல் வந்த தொகைக்கு இரண்டு முறை கேட்டும் ஆவணம் தரப்படவில்லை” என்று எழுதுங்கள். மறுப்பு என்றால் விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அவர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். போனால், உங்கள் பெயர் தெரியாத நீதிபதி ஒருவர் இந்த வரிகளைத்தான் படிப்பார்.

உரிமம் கொடுத்த பிறகும் கோப்பு மூடப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒரு சிறு அளவுக்கு மேல் பங்கு வாங்கும் புதியவரைப் பற்றி நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். யாராவது 10 சதவீதத்தை எட்டிக் கட்டுப்பாட்டாளர் ஆகிவிட்டால், ஐந்து வாரத்துக்குள் உரிமத்தைத் தொடரக் கோரிப் புதிய விண்ணப்பம் தர வேண்டும். இல்லையென்றால் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த விண்ணப்பம் வந்ததும் பழைய படத்தைத் தேடி எடுத்து, புதிய பெயரை எழுதி, மூன்றாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.