இரைப்பைப் புற்றுநோய் அறிக்கையில் ஓர் எண்ணை மட்டும் நம்பும் தவறு

பாம்பனிலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று முடிவு வந்ததும், வீட்டார் முதலில் தேடுவது அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சான எண்ணைத்தான். எண்டோஸ்கோப்பி இராமநாதபுரத்தில், ஸ்கேன் மதுரையில், ரத்தப் பரிசோதனை போகும் வழியில் கிடைத்த ஆய்வகத்தில் என்று தாள்கள் சேரச் சேர, எந்தத் தாள் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பது குழம்பிவிடுகிறது. பெரும்பாலான தவறுகள் அந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறக்கின்றன.

குழாய் விட்டுப் பார்க்கப் பயந்து, அதற்குப் பதிலாக ரத்தத்தில் ‘கேன்சர் டெஸ்ட்’ எடுத்துத் திருப்தியடைவது இவற்றில் மிக ஆபத்தானது. சிஇஏ, சிஏ 19-9, சிஏ 72-4 ஆகிய டியூமர் மார்க்கர்கள், அதாவது கட்டி இருந்தால் ரத்தத்தில் உயரக்கூடிய பொருள்கள், தொடக்க நிலை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இயல்பான அளவிலேயே இருக்கும். மறுபுறம், புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே சிஇஏ சற்று உயரும். பித்தக்குழாய் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் சிஏ 19-9 பல மடங்கு ஏறும். லூயிஸ் என்னும் ரத்த வகைக்கூறு பிறவியிலேயே இல்லாத சிலரின் உடல் சிஏ 19-9 என்ற பொருளை ஏறக்குறைய உருவாக்குவதே இல்லை என்பதால், நோய் முற்றியிருந்தாலும் அவர்களுடைய அறிக்கை குறைந்த அளவையே காட்டும். ஆகவே சிஇஏ மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்குள், சிஏ 19-9 மில்லிலிட்டருக்கு 37 யூனிட்டுக்குள் என்று அச்சிட்டிருப்பதை, நோய் இல்லை என்பதற்கான சான்றிதழாகக் கொள்ள முடியாது.

மார்க்கரின் உண்மையான பயன் தொடர்ச்சியில் இருக்கிறது. சிகிச்சைக்கு முன் உயர்ந்திருந்த அளவு அறுவைக்குப் பின் இறங்கியதா, இறங்கியது மீண்டும் ஏறுகிறதா என்பதே கேள்வி. இதற்கு ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் அளக்க வேண்டும். கருவிக்குக் கருவி அளவு மாறுவதால், இராமேசுவரத்தில் எடுத்த எண்ணை மதுரையில் எடுத்ததோடு ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை. அறுவை முடிந்த மறுவாரமே பரிசோதிப்பதும் அவசரம், ஏனெனில் பழைய மார்க்கர் ரத்தத்திலிருந்து நீங்க வாரக்கணக்கில் ஆகலாம். கீமோதெரபி தொடங்கிய புதிதில் இறக்கும் கட்டிச் செல்கள் மார்க்கரைக் கொட்டுவதால் அளவு தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. நம் கரையில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது: கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்கு எல்லாச் சோதனைகளையும் தள்ளிவைப்பது. அந்த 61 நாள் மீனுக்கான கணக்கு, கட்டிக்கானதன்று.

மார்க்கர் உயர்ந்திருந்தால் ஆயுள் இவ்வளவுதான் என்று கணக்கிடுவது அடுத்த தவறு. உயர்ந்த அளவு பொதுவாக மோசமான போக்கோடு சேர்ந்து வருவது உண்மை. ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்லுமே தவிர, தனி மனிதரின் நாட்களைச் சொல்லாது. கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியது, எத்தனை நிணநீர்க்கணுக்களில் பரவியது என்பவையே இன்றும் முதன்மையான அளவுகோல்கள். அதற்காகத்தான் அறுவையில் குறைந்தது 16 கணுக்களையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘லிம்ஃபோசைட்டுகள் அதிகம்’ என்ற வரியைக் கண்டு மகிழ்வது சற்று நுட்பமான தவறு. லிம்ஃபோசைட்டு என்பது நோயை எதிர்க்கும் வெள்ளையணு வகை; டி செல் அதில் ஒன்று. கட்டிக்குள் சிடி8 வகை டி செல்கள் நிறைய ஊடுருவியிருந்தால் நோயின் போக்கு பொதுவாக நன்றாக இருக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததே. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. எந்தச் செல், எங்கே நிற்கிறது என்பதும் வேண்டும். தாக்கும் டி செல்களோடு, அவற்றை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் கட்டிக்கே துணைபோகும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்களும் கலந்திருக்கலாம். கட்டியின் வெளி விளிம்பில் கூடி நின்று உள்ளே நுழையாத செல்களும் உண்டு. இரைப்பையில் இன்னொரு சிக்கல்: 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என அறிவித்த ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா, கட்டி இல்லாத இரைப்பை உட்சவ்வையே அழற்சிச் செல்களால் நிரப்பிவிடும். எண்டோஸ்கோப்பியில் மேலோட்டமாகக் கிள்ளிய துணுக்கில் தெரியும் லிம்ஃபோசைட்டுகள் கட்டியை எதிர்க்க வந்தவையா, பழைய அழற்சியின் மிச்சமா என்று பிரிக்காமல் எண்ணுவது ஏமாற்றும்.

ஊடுருவல் ஏன் அதிகம் என்பதும் முக்கியம். 2014இல் வெளியான 295 கட்டிகளின் மரபணு ஆய்வு இரைப்பைப் புற்றுநோயை நான்கு வகையாகப் பிரித்தது. அதில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் சார்ந்த வகை சுமார் 9 விழுக்காடு. டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான எம்எஸ்ஐ வகை சுமார் 22 விழுக்காடு. இவ்விரண்டிலும்தான் நோய் எதிர்ப்புச் செல்கள் பெரும்பாலும் திரள்கின்றன. எனவே அந்த வரியைக் கண்டால், எம்எஸ்ஐ சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்பது பயனுள்ள கேள்வி.

நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கும் பிடி-எல்1 என்ற புரதத்துக்கான சோதனையின் சிபிஎஸ் எண்ணையும் பலர் தவறாக வாசிக்கிறார்கள். சிபிஎஸ் 10 என்றால் கட்டியில் 10 விழுக்காடு என்று பொருளன்று. பிடி-எல்1 காட்டும் கட்டிச் செல்கள், லிம்ஃபோசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் மூன்றையும் கூட்டி, உயிருள்ள கட்டிச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கிக் கிடைப்பது அது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் மருந்து (இம்யூனோதெரபி) பயன்தர வாய்ப்பு உண்டா என்பதற்கே அந்த எண் உதவுகிறது; நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்ற கேள்வி வேறு. ஒரே கட்டியில் இடத்துக்கு இடம் இந்த எண் மாறுவதால், ஒரே ஒரு துணுக்கை நம்பாமல் பல இடங்களிலிருந்து துணுக்குகள் எடுப்பது நல்லது.

மதுரைக்கோ சென்னைக்கோ மாற்றிக்கொண்டு போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போவது கடைசித் தவறு. திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையை முதல் ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும். அது இருந்தால் எம்எஸ்ஐ, ஹெர்2 (சில கட்டிகளில் மிகுந்திருக்கும் புரதம்), பிடி-எல்1 சோதனைகளைப் பெரும்பாலும் மறுபடி குழாய் விடாமலேயே செய்யலாம். வழியில் அதை வெயில்படும் கார் கண்ணாடியருகே மட்டும் வைக்காதீர்கள்; மெழுகு இளகிவிடும்.